வாட் கணக்கும் வாங்குபவர் கவனமும்

எடைக்கல் சரியாக இருந்தால்தான் கடைக்கு மரியாதை. இது நமக்குப் புதிய செய்தியல்ல. பாட்டுப் பெட்டிக்கும் ஓர் எடைக்கல் உண்டு. அதன் பெயர் வாட். அந்தக் கல் எப்படிக் கெட்டது, எப்படிச் சீரானது என்று தெரிந்துகொண்டால், பழைய ஸ்டீரியோ ரிசீவர் தேடும் அன்பர்களுக்குப் பணமும் மிஞ்சும், வீட்டில் நல்ல சங்கீதமும் ஒலிக்கும்.

வானொலி ட்யூனரும் ஆம்ப்ளிபயரும் ஒரே பெட்டியில் இருப்பதே ரிசீவர். ஸ்பீக்கரைத் தனியே இணைக்க வேண்டும். மராண்ட்ஸ், பயனீர், சான்சுயி, கென்வுட் முதலிய பெயர்களில் 1970களில் வந்த பெட்டிகளைத்தான் இன்றும் ரசிகர்கள் தேடுகிறார்கள்.

கெட்ட கல், நல்ல கல்

நம் ஊர்க் கடைகளில் சிறிய டேப் ரிக்கார்டர் மீதுகூட ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று ஒட்டி விற்ற காலம் நினைவிருக்கலாம். கண நேர உச்சத்தைக் காட்டி எண்ணைப் பெருக்கும் வித்தை அது. அமெரிக்கச் சந்தையிலும் இதே கூத்து முன்பே நடந்தது. ஆகவே அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. 1974 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. இரண்டு சேனலும் ஒருசேர இயங்கும்போது தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எவ்வளவு ஒலிச் சிதைவுடன் என்று தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும்.

எண் பொய்யாக இருக்க முடியாதபோது பொருள்தான் பெரிதாக வேண்டும். டிரான்ஸ்பார்மரும் ஹீட் சிங்க்கும் பருத்தன. பயனீரின் எஸ்.எக்ஸ்.-1250 சேனலுக்கு 160 வாட் தந்தது. 1978இல் வந்த எஸ்.எக்ஸ்.-1980 தந்தது 270 வாட்; எடை சுமார் 35 கிலோ! வீட்டுக் கூடத்துக்கு இவ்வளவு தேவையில்லை. 20 முதல் 40 உண்மையான வாட்டே தாராளம். விலையும் குறையும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்கப் பெட்டிக்கு 120 வோல்ட், ஜப்பான் உள்நாட்டுப் பெட்டிக்கு 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கையில் மிஞ்சுவது புகைதான். வோல்டேஜ் மாற்றும் வசதி இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம்.

அடுத்து எப்.எம். ஜப்பான் உள்நாட்டு ரிசீவர் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நிலையங்களில் பெரும்பாலானவை 90க்கு மேல். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் ட்யூனர் அலங்காரப் பொருளாகிவிடும்.

மூன்றாவது, வயது. நாற்பது ஆண்டு கடந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்து, முதல் முறை சீரீஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். பல்பு மங்காமல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. வோல்டேஜ் வருகிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகே நல்ல ஸ்பீக்கரை இணைக்க வேண்டும். வால்யூம் குமிழின் கரகரப்பு மட்டும் பெரிய குறையல்ல. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

வீட்டில் வைத்த பிறகு

மூடிய அலமாரியில் வைக்காதீர்கள், மேலே துணி போர்த்தாதீர்கள். சூடு வெளியேற வழி வேண்டும். செல்போனை ‘ஆக்ஸ்’ துளையில் இணைக்கலாம். ‘போனோ’ துளை இசைத்தட்டுக் கருவிக்கு மட்டுமே. அதில் வேறு எதை இணைத்தாலும் ஒலி சிதையும். சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள எப்.எம். வயர் ஆன்டெனாவைச் சுவரில் நீட்டி மாட்டினால் நிலையங்கள் தெளிவாகும்.

பெட்டியின் விலை மட்டும் அடக்கவிலை ஆகாது. டிரான்ஸ்பார்மர், கெபாசிட்டர், மெக்கானிக் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்து விலை பேசுவதே வணிகர் கணக்கு. இத்தொழிலில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை: பழுது பார்த்த இடத்தையும் பாராத இடத்தையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். குறையைச் சொல்லி விற்ற கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவார்.