பழைய கார் வாங்கமுன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 தொடக்கத்தில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் குருநகர்ச் சனத்துக்கு எட்டாது. இங்கே ஒருவர் கார் வாங்குகிறார் என்றால் பெரும்பாலும் அது இருபது, முப்பது வருடம் ஓடிய நிசான் சனியோ ரொயோற்றா கொரோலாவோதான். அந்தக் காசும் வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பியதாகவோ, சீட்டுப் பிடித்ததாகவோ, நகையை அடகு வைத்து எடுத்ததாகவோ இருக்கும். ஹயர் ஓடி நகையை மீட்கலாம் என்று வாங்கியவரின் கார் மூன்றாம் மாதமே கராஜில் நின்றால், அந்தக் குடும்பம் எழும்பப் பல காலம் எடுக்கும்.

தெரிந்தவர்கள் கார் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் மெக்கானிக் இல்லை. பொறுமையாகக் குனிந்து பார்ப்பேன், அவ்வளவுதான். எல்லோரும் முதலில் பொனற்றைத் திறக்கிறார்கள். கடற்கரை ஊரில் முதலில் பார்க்கவேண்டியது காரின் அடிப்பக்கம்.

எஞ்சின் போனால் ரீகண்டிசன் எஞ்சின் என்ன விலை என்று கடையில் கேட்டு அறியலாம். துருவுக்கு அப்படி விலை சொல்ல ஏலாது. தகரவேலைக்காரர் உரிக்க உரிக்கத்தான் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். நான் மேலே சொன்ன கார்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். ஆகவே கதவுக்குக் கீழுள்ள விளிம்பும் தளமும் உக்கியிருந்தால் கெட்டிருப்பது அழகு மட்டுமல்ல, உள்ளே இருப்பவரின் பாதுகாப்பும்தான். கடல்நீரேரிக் காற்றில் உப்பு. பல வளவுக் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு. அதனாலேயே காரைக் கழுவுகிறோம். போதாததற்கு டிக்கியில் ஐஸ் போட்ட மீன்பெட்டி. டிக்கி விரிப்பைத் தூக்கி, மேலதிகச் சில்லு வைக்கும் குழியைக் கையால் தடவிப் பாருங்கள். உள்தரை விரிப்பையும் தூக்குங்கள். ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள்: தகரத்தில் ஒட்டும், பூசி மறைத்த பட்டியில் ஒட்டாது. அடியில் புதிதாகக் கறுப்பு மை அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஜாக் வைத்துத் தூக்க விடாதவரோடு மேலே விலை கதைக்கத் தேவையில்லை.

எஞ்சினை ஆறிய நிலையில் ஸ்ரார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்போலவும் படிந்திருந்தால் ஹெட் காஸ்கற்றைச் சந்தேகிக்கலாம். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ நிறைய இருந்தாலும் வயது போன ரயர் செலவுக் கணக்கில் சேரும்.

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் மேல் ஆசைப்படுபவர்களும் உண்டு. ஆசையில் பிழையில்லை. 1990க்குப் பின்னான பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களைச் சுமந்த கார்கள் அவை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கிவிடும், பெயாரிங்குகள் தேய்ந்துபோகும். பிறகு ஜப்பான் எஞ்சின் பூட்டிய கார்களும் உண்டு. அப்படியானால் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். செசி இலக்கம் அடித்த இடத்தில் துருவோ வெல்டிங்கோ இருந்தால் வேண்டாம் என்பேன்.

பிறகு கணக்கு. மெக்கானிக்கிடம் "எவ்வளவு முடியும் அண்ணை?" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் சொல்வார். சாமான் வேறு, கூலி வேறு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சாமான் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா? ஹயர் ஓடுபவருக்குக் கார் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு, அதுவும் செலவுதான். உதாரணத்துக்கு, விலை 14 இலட்சம் என்று வைப்போம். பிறேக், ரயர், சஸ்பென்சனுக்கு உடனே 1,80,000. ஆறு மாதத்துக்குள் தகரவேலைக்கு 2,20,000. மொத்தம் 4 இலட்சம். தெரியாமல் கிளம்புவதற்கு அதில் கால்பங்கு, இன்னும் 1 இலட்சம். ஆக அது 19 இலட்சத்துக் கார். பக்கத்தில் 17 இலட்சத்துக்கு நிற்கும், தரை உக்காத கார்தான் மலிவு. கையிலுள்ள காசு 14 இலட்சம்தான் என்றால், 10 இலட்சத்துக்குள் நல்லது கிடைக்கும்வரை பொறுக்கலாம். பலர் அந்த வயது முச்சக்கரவண்டியோடு நிறுத்திக்கொள்வதும் கெட்டித்தனமே.

முற்பணம் கொடுக்கமுன் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தையும் பாருங்கள். அங்கே லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை, அல்லது முடித்தும் பெயர் நீக்கப்படவில்லை. அதை விற்பவரே தீர்த்துத் தந்த பிறகுதான் காசு.