மாலையில் தானே எரியும் மாடிப்படி விளக்கு

கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் ஒரு விளக்கு. மாடி வைத்துக் கட்டிய வீடுகளில் வழக்கமாக இருக்கும் ஏற்பாடு இது. கீழே போட்டுவிட்டு ஏறினால் மேலே போய் அணைக்கலாம். அணைக்க மறந்தால் விடிய விடிய எரியும். போட மறந்தால் முட்டிவலிக்காரர்கள் இருட்டில் படியைத் தடவுவார்கள். "இதுக்கு ஒரு டைமர் மாட்டிக் குடுத்துடுங்க" என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்பதற்குக் காரணம் இதுதான். சாதாரண விளக்குக்கு அது சின்ன வேலை. இப்படி இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் டூ-வே சுவிட்ச் விளக்கில் யோசித்துத்தான் கை வைக்க வேண்டும்.

சாதாரண சுவிட்சுக்கு இரண்டு முனை, டூ-வேக்கு மூன்று: ஒரு காமன், இரண்டு பக்க முனைகள். பேஸ் ஒயர் முதல் சுவிட்சின் காமனுக்கு வருகிறது. இரு சுவிட்சுகளின் பக்க முனைகளையும் இரண்டு ஒயர்கள் சேர்க்கின்றன. இரண்டாவது சுவிட்சின் காமனிலிருந்து ஒயர் விளக்குக்குப் போகிறது. இரு சுவிட்சும் ஒரே ஒயரைத் தொட்டால் விளக்கு எரியும், ஆளுக்கொன்றைத் தொட்டால் எரியாது. ஆகவே இந்தச் சுவிட்சைப் பார்த்து இது ஆன், இது ஆஃப் என்று சொல்லவே முடியாது. மற்ற சுவிட்ச் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

ஒரு சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டைமரை வைத்தால் என்ன ஆகும்? டைமருக்குத் தெரிந்தது மணி மட்டும். மாலை 6 மணிக்கு அது தொடர்பை மாற்றும். மாடியில் இருப்பவர் 5.50-க்கே விளக்கைப் போட்டிருந்தால், 6 மணிக்கு டைமர் அதை அணைத்துவிடும். இரவு 11 மணிக்கு அணைக்க வேண்டிய நேரத்தில் ஏற்றிவிடும். டைமரில் கோளாறு என்று கடைக்காரரிடம் போய்ப் பயனில்லை. அது சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

நம் வீடுகளுக்கு ஒத்துவருவது இணை வழி. இரண்டு சுவிட்சையும் அப்படியே விட்டுவிட்டு, டைமர் வழியாகத் தனியாக ஒரு பேஸை விளக்கு ஒயருக்குக் கொடுக்க வேண்டும். 6 முதல் 11 வரை டைமர் எரிய வைக்கும். மற்ற நேரத்தில் சுவிட்சுகள் பழையபடி வேலை செய்யும். டைமர் ஓடும் நேரத்தில் சுவிட்சால் அணைக்க முடியாது என்பது இதன் குறை. டைமரிலிருந்து வரும் ஒயரில் ஒரு சாதாரண சுவிட்சைச் சேர்த்துவிட்டால் அதுவும் தீரும்.

டைமர் ஓடுவதற்கே பேஸும் நியூட்ரலும் வேண்டும். விளக்குச் சுவிட்ச் மட்டும் இருக்கும் பெட்டிக்குள் பெரும்பாலும் நியூட்ரல் வராது, அது நேராக விளக்குக்குப் போய்விடும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் டைமர்களும் உண்டு. அவை தமக்கான துளி மின்சாரத்தை விளக்கு வழியாகவே இழுக்கும். 60 வாட் குண்டு பல்பில் அது தெரியவே தெரியாது. 9 வாட் எல்.இ.டி.யாக இருந்தால் அணைந்த பிறகும் மினுக்கலாம், மங்கலாக எரியலாம். இரண்டாவது சுவிட்ச் இருக்கும் போர்டிலேயே ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருந்தால் அதிர்ஷ்டம்: பேஸ், நியூட்ரல், விளக்குக்குப் போகும் ஒயர் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கிடைத்துவிட்டதே என்று உடனே இணைத்துவிடக் கூடாது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் பிளக் பாயின்ட் ஒரு பேஸிலும் மாடிப்படி விளக்கு வேறொரு பேஸிலும் இருக்கலாம். இரண்டும் விளக்கு ஒயரில் சந்தித்தால், சுமார் 400 வோல்ட் நேருக்கு நேர் மோதும் ஷார்ட் சர்க்யூட். மேல் வீட்டை வாடகைக்கு விட்டு தனி மீட்டர் வைத்திருந்தால் இன்னும் மோசம்: கீழே மெயினை அணைத்த பிறகும் அந்த ஒயரில் மின்சாரம் இருக்கும். நியூட்ரலை வேறு சர்க்யூட்டிலிருந்து எடுத்தாலோ, மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழலாம். சில பழைய வீடுகளில் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே டூ-வே சுவிட்சுகளுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அங்கே இணை வழி அறவே கூடாது. முதலில் ஒயரிங்கை மாற்ற வேண்டும். இதையெல்லாம் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்ல, மின்கம்பியாளர் சான்று பெற்றவர்தான் வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பித் தொடுவது உயிரோடு விளையாடுவது.

டைமர் வாங்கும்போதும் கவனம் தேவை. இணையக் கடைகளில் 'த்ரீ-வே' (நம் டூ-வேக்கு அமெரிக்கப் பெயர்) என்று வரும் டைமர்களில் பல அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கானவை, நம் 230 வோல்ட்டுக்கு ஆகாது. பேட்டரி இல்லாத, பல் வைத்துச் சுற்றும் டைமர் கரன்ட் போனால் நின்றுவிடும்; ஒரு மணி நேரம் மின்தடை என்றால் மறுநாளிலிருந்து விளக்கு 7 மணிக்குத்தான் எரியும். சென்னையில் நவம்பரில் சுமார் 5.40-க்கே சூரியன் மறைகிறது, ஜூலை தொடக்கத்தில் 6.40 ஆகிறது. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் இந்த வித்தியாசத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் டைமர்களும் கிடைக்கின்றன.

மின் கட்டணத்துக்காக மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. 9 வாட் விளக்கு தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூன்றே கால் யூனிட்தான். 5 மணி நேரமாகக் குறைத்தால் மிச்சம் இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. இருட்டில் யாரும் படி தவறக் கூடாது என்பதே போதுமான காரணம்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை உடனே அனுப்பிவிடாமல் எட்டு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு சுவிட்சுகளுக்கும் சேர்த்து நான்கு நிலைகள். டைமர் ஆனில் இருக்கும்போது நான்கிலும் விளக்கு எரிய வேண்டும், ஆஃபில் இருக்கும்போது இரண்டில் எரிந்து இரண்டில் அணைய வேண்டும். ஆஃபில் ஒரே ஒரு நிலையில் மட்டும் எரிகிறது என்றால் ஏதோ ஒரு சுவிட்சில் காமன் ஒயர் பக்க முனைக்கு மாறிப் போயிருக்கலாம். மெயினை அணைத்து, அந்தப் பெட்டியை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.