கையில் 16, எதிரே 7: சீட்டு கேட்பதா, சும்மா இருப்பதா?
கணக்குப் போட்டுச் சொன்ன 4 ராணுவ வீரர்கள்!

கையில் 16. எதிரே டீலரிடம் தெரிவது 7. இன்னொரு சீட்டு கேட்கலாமா, வேண்டாமா?

அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் "பிளாக்ஜாக்" ஆடுகிற பலருக்கு இந்த இடத்தில்தான் வேர்த்துக் கொட்டும். "கேட்டால் 21-ஐத் தாண்டிவிடுமோ" என்று பயந்து சும்மா இருந்துவிடுவார்கள். அந்தப் பயம்தான் விடுதிக்கு லாபம்!

டீலருக்குக் கைவிலங்கு

ஜாக்கி, ராணி, ராஜாவுக்குத் தலா 10 புள்ளி. ஆஸ் 1 அல்லது 11. 21-ஐத் தாண்டாமல் டீலரை மிஞ்சவேண்டும். தாண்டினால் கட்டிய பணம் போச்சு.

ஆனால் டீலர் இஷ்டம்போல் ஆட முடியாது. 16 வரை சீட்டு எடுத்தே தீரவேண்டும். 17 வந்தால் நிறுத்தவேண்டும். இதுதான் வழக்கமான விதி.

1953-ல் மேரிலாந்து மாநிலம் அபர்டீன் ராணுவ முகாமில் இந்த விதியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார் ரோஜர் பால்ட்வின். கணிதம் படித்த ராணுவ வீரர். "டீலர் செய்யப்போவது முன்கூட்டியே தெரியுமென்றால், நாம் செய்யவேண்டியதைக் கணக்குப் போட்டுவிடலாமே!"

வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் மூவரும் சேர்ந்துகொண்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. மேஜைமேல் வைக்கும் கணக்கு மெஷின்தான். தட்டினார்கள், தட்டினார்கள், மாதக்கணக்கில் தட்டினார்கள். 1956-ல் முடிவு அச்சேறியது. எந்தக் கைக்கு என்ன செய்யவேண்டும் என்று பட்டியல் தயார்!

16-க்கு என்ன பதில்?

"சீட்டு கேள்" என்கிறது பட்டியல்.

13 வகைச் சீட்டில் 8 வகை வந்தால் நீங்கள் அவுட். அப்படியும் கேட்கச் சொல்வானேன்? சும்மா இருந்தால் டீலர் 21-ஐத் தாண்டினால்தான் உங்களுக்கு ஜெயம். 7 காட்டும் டீலர் அப்படித் தாண்டுவது 100-க்குச் சுமார் 26 தடவைதான்.

கைக்கு ஒரு டாலர் வீதம் 100 கை ஆடினால், சும்மா இருந்தவருக்குச் சுமார் 47.5 டாலர் நஷ்டம். கேட்டவருக்குச் சுமார் 41.5. இரண்டுமே நஷ்டம்தான். ஆனாலும் சுமார் 6 டாலர் மிச்சம்!

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு தடவை கேட்டு அவுட்டானால் "பட்டியலாவது மண்ணாவது" என்று மனம்போல் ஆட ஆரம்பிக்கிறார்கள். தோற்றதாலேயே ஆடிய முறை தப்பாகிவிடாது.

"இன்சூரன்ஸ்" தூண்டில்

டீலரிடம் ஆஸ் தெரிந்தால் "இன்சூரன்ஸ் வேண்டுமா?" என்பார். அடியில் 10 புள்ளிச் சீட்டு இருந்தால் ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 13 தடவை ஒவ்வொரு டாலர் கட்டினால் சராசரியாக 4 தடவை ஜெயித்து 8 டாலர் வரும். 9 டாலர் போகும். பட்டியல் சொல்வது: தொடாதே!

கடைசியில் ஒரு வேடிக்கை. பல விடுதிகள் இந்தப் பட்டியலை அட்டையாக அச்சடித்துத் தாங்களே விற்கின்றன! அட்டை சொல்கிறபடியே ஆடினாலும், நல்ல விதியுள்ள மேஜையில்கூட 100 டாலருக்குச் சுமார் அரை டாலர் விடுதி பக்கம்தான் சாயும். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு மனம்போல் ஆடுகிறவர்களிடம் கிடைப்பதோ அதைவிட அதிகம்.

கணக்கு பணக்காரனாக்காது. பணம் கரையும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கரையவே கூடாதென்றால் ஒரே வழி, மேஜைப் பக்கமே போகாமல் இருப்பது!