கொள்முதல் நிலையத்துக் கவலை வீட்டுக்குள்ளும் வரும்

திருத்துறைப்பூண்டி பக்கம் சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டுக் காத்துக் கிடக்கிறவருக்குக் கவலை ஒன்றா இரண்டா? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மேகம் கூடினால் தார்ப்பாய்க்கு ஓட வேண்டும். நகைக்கடன் வட்டி, குழுக்கடன் தவணை வேறு. அந்த நாட்களில் மனைவியோடு சேரும்போது உறுப்பு விறைக்காமல் போனால், அவர் நெல்லையும் கடனையும் நினைக்க மாட்டார். ஆண்மை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுவார்.

போகவில்லை. விறைப்பு என்பது ரத்தம் நிறைவதுதான். அதை நடத்துவது நரம்பு. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் பாராசிம்பதெடிக் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும். உறுப்பின் உள்தசைகள் தளர்ந்து ரத்தம் பாயும். ஆபத்து ஏதுமில்லை என்று உடம்பு நம்பும்போதுதான் இந்த நரம்புகள் சரியாக வேலை செய்யும். கடன் கொடுத்தவர் போன் வந்தால் சிம்பதெடிக் நரம்புகள் முந்திக்கொள்ளும். அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடக்கும், அதே தசைகள் இறுகும். மடையை அடைத்துவிட்டு வயலைக் குறைசொல்லி என்ன பயன்?

ஒரு தடவை தவறினால், அடுத்த முறை 'இன்றாவது வருமா' என்று தன்னையே வேவு பார்ப்பார். அந்தப் பயமே மறுபடி அட்ரினலினைக் கூட்டும். அமெரிக்காவின் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-இலேயே இதை எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்ன வழி எளிது: சில நாட்கள் உடலுறவே வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு, தொட்டுப் பழகுவது மட்டும்.

கவலை மாதக்கணக்கில் நீண்டால் தூக்கம் கெடும், ஆசையே வற்றும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் சாய்த்த தென்னைக்கு மரக்கணக்கில் நிவாரணம் வந்தது. புதுக் கன்று காய்க்கவோ ஆண்டுகள் பல. இடைப்பட்ட காலத்தின் மனப்பாரத்தை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்?

எல்லாமே மனசு என்றும் விட்டுவிடக்கூடாது. விடியற்காலையில் தானாக விறைக்கிறதா என்று பாருங்கள். விறைத்தால் ரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதுவும் சில மாதங்களாகக் குறைந்துகொண்டே வந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். உறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடச் சிறியது. அடைப்பு முதலில் அங்கே தெரியலாம், நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே. தைரியத்துக்கென்று டாஸ்மாக் போவது எதிர்விளைவுதான் தரும். பிரஷர் மாத்திரையோ மனநல மாத்திரையோ காரணமாகத் தோன்றினால், நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த வெட்கத்தில்தான் சுவரொட்டி வைத்தியர்கள் பிழைக்கிறார்கள். இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன ரூம் என்று ஒட்டியிருப்பார்கள். பாலுறவுத் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. சித்த மருந்து என்றாலும் விலக்கில்லை. சுவரொட்டியைப் படமெடுத்துக் காவல் நிலையத்தில் புகார் தரலாம். பணம் போயிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. பில் தர மாட்டார்கள். அதனால் ஜிபே பதிவை அழிக்காதீர்கள். மூலிகை லேகியம் என்று விற்பதில் சில்டெனாஃபில் என்ற விறைப்பு மருந்து கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடுமிடத்தில் சொந்தக்காரர் நிற்பாரே என்று தயங்குவார்கள். அங்கே 'சுகர் பார்க்கணும்' என்றால் போதும். மற்றதை உள்ளே டாக்டரிடம் சொல்லலாம். மனநல மருத்துவரிடம் சொல்வதை அவர் வெளியே விடக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. நேரில் பேசக் கூச்சமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416: இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். மனைவியிடமும் சொல்லிவிடுங்கள். தன்மேல் ஆசை விட்டுப்போச்சு என்று அவர் ஒரு பக்கம் மருகிக்கொண்டிருப்பார்.