பழைய மென்பொருளை அகற்றுமுன் கணக்கை வெளியே எடுங்கள்

எங்கள் வீட்டுக் கணனி 2012இல் வாங்கியது. பகலில் பிள்ளைகள் பாவிப்பார்கள். இஷாவுக்குப் பிறகு நான் உட்கார்ந்து அன்றைய கடைக் கணக்கைப் பதிவேன். சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சிறிய புடவைக் கடை. கையில் காசு கொடுத்து எடுப்பவர்களை விட, துணியைக் கொண்டுபோய் ஊர் ஊராக விற்றுவிட்டு வந்து கணக்குத் தீர்ப்பவர்களே அதிகம். ஆகவே என் முதலில் பாதி எப்போதும் கடைக்கு வெளியேதான் நிற்கும். யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பது அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் றமழானுக்குச் சற்று முன்னதாகக் கணனி மிகவும் மந்தமாகிவிட்டது. ஆளியை அழுத்திவிட்டுப் போய் ஒரு தேநீர் குடித்து வந்தாலும் திரை வந்திருக்காது. "மாமா, தேவையில்லாத சாமான் நிறையக் கிடக்குது, நான் துப்புரவாக்கித் தாறன்" என்று மருமகன் சொன்னான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். ஒரு மணித்தியாலத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மென்பொருட்களைக் கழற்றினான். அவற்றில் ஒன்று நான் முன்பு பாவித்த பில் போடும் மென்பொருள். உரிமக் காலம் முடிந்து, திறக்கும் போதெல்லாம் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும். புதிய பில் போட முடியாது, பழைய கணக்கைப் பார்க்க மட்டும் விடும். பழைய பாக்கிகளைப் புதியதற்கு மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நான்தான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

கழற்றும்போது, தரவுகளையும் சேர்த்து அழிக்கவா என்று அது கேட்டிருக்கிறது. அவன் 'யெஸ்' என்று அழுத்திவிட்டான். ஸகாத் கணக்குப் பார்க்க உட்கார்ந்த இரவில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

கடைக் கொப்பியில் குறித்திருந்ததை வைத்து ஒரு பகுதியை மீட்டோம். சிலர் தாங்களாகவே வந்து, "நாநா, என்ட கணக்கில இவ்வளவு நிக்குது" என்று சொல்லித் தந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஒருவரோடு மட்டும் தந்தேன், தரவில்லை என்று பேச்சு வளர்ந்தது. பதினைந்து வருடப் பழக்கம். இன்று சந்தையில் கண்டால் ஸலாத்தோடு விலகிப் போகிறோம். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்பதுதான் என் கவலை.

இதன் பின்தான் இந்த விடயத்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் படித்தேன். மென்பொருள் வேறு, அதற்குள் நாம் எழுதிய கணக்கு வேறு. அலுமாரியை விற்கும் போது உள்ளே இருக்கும் உறுதிப் பத்திரத்தை எடுத்துவிட்டுத்தானே விற்கிறோம்? பழைய மென்பொருளைத் திறக்க முடியுமாக இருக்கும் போதே வாடிக்கையாளர் பாக்கி, கொடுக்க வேண்டியது, கையிருப்பு ஆகியவற்றைக் கடதாசியில் அச்சிடுங்கள். எக்ஸெல் கோப்பாக எடுக்க வசதியிருந்தால் அப்படியும் எடுங்கள். வெறும் 'பேக்கப்' மட்டும் எடுத்தால் போதாது. அநேகமான பேக்கப் கோப்புகள் அதே மென்பொருளில்தான் திறக்கும். மென்பொருளைக் கழற்றிய பின், சாவி தொலைந்த பெட்டகத்தைப் போல அந்தக் கோப்பை வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எடுத்ததைப் பென் டிரைவில் போட்டு வேறொரு கணனியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை. டாலி பாவிப்பவர்கள் கணனியை மாற்றுவதற்கு முன், அந்த இயந்திரத்தோடு பிணைந்திருக்கும் உரிமத்தை டாலிக்குள்ளேயே 'சரண்டர்' செய்ய வேண்டும்.

தமிழ் எழுத்துருவையும் மறக்க வேண்டாம். நம்மவர்களின் பழைய விலைப்பட்டியல், கடிதத் தலைப்பு, கல்யாண அழைப்பிதழ் எல்லாம் பாமினியில் அடித்தவை. தமிழ் தட்டச்சு மென்பொருளைக் கழற்றும் போது அந்த எழுத்துருவும் போய்விட்டால், கோப்பைத் திறக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். பாமினியின் ஒரு பிரதி பென் டிரைவில் இருக்கட்டும்.

இனிக் கழற்றும் முறை. திரையில் உள்ள சின்னத்தை அழித்தால் மென்பொருள் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றினால் கடை காலியாகிவிடுமா? போல்டரைத் தேடிப்போய் அழிப்பது அதைவிடப் பிழை. பாதி போகும், பாதி கிடந்து தொல்லை தரும். விண்டோஸ் 7இல் கொன்ட்ரோல் பெனலுக்குள்ளும், விண்டோஸ் 10இல் செட்டிங்ஸில் 'அப்ஸ்' என்ற பகுதியிலும் முழுப் பட்டியல் உண்டு. அங்கே பெயரைத் தெரிவு செய்து 'அன்இன்ஸ்டோல்' கொடுப்பதே முறை. ஒரு நேரத்தில் ஒன்று. கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் வாசியுங்கள். அது முடிந்து கணனியை ஒருமுறை நிறுத்தி, ஆரம்பித்து, பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்தது.

தொடங்குமுன் ஒரு 'ரீஸ்டோர் பொயின்ட்' போட்டு வைப்பது நல்லது. ஏதும் பிழைத்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். ஆனால் அழிந்த கணக்குக் கோப்புகளை அது மீட்டுத் தராது.

பட்டியலில் தெரியாத பெயர்கள் வரும். மைக்ரோசொப்ட் விசுவல் சி பிளஸ் பிளஸ், டொட் நெட் என்பவை வேறு மென்பொருட்கள் நிற்கும் அத்திவாரம். ரியல்டெக் என்பது சத்தத்துக்குரியது. இன்டெல் என்றும் பிரின்டரின் பெயரிலும் உள்ளவற்றைத் தொடவே வேண்டாம். மாறாக, அடோபி பிளாஷ் பிளேயர் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம். 2020 டிசம்பர் 31உடன் அந்த நிறுவனமே அதைக் கைவிட்டுவிட்டது. விண்டோஸில் போட்ட குயிக்டைமும் அப்படித்தான். ஆப்பிள் அதைக் கைவிட்டதும், கழற்றிவிடும்படி 2016 ஏப்ரலில் அமெரிக்க அரசின் கணனிப் பாதுகாப்புப் பிரிவே அறிவித்தது.

கணனியோடு இலவசமாக வந்து காலம் முடிந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் அநேகமாக எல்லா வீடுகளிலும் கிடக்கிறது. புதிய வைரஸ்களை அது அறியாது. அது இருக்க இன்னொன்றைப் போட்டால் இரண்டும் மோதிக் கணனி இன்னும் மந்தமாகும். முதலில் பழையதை முழுதாக எடுக்க வேண்டும். இவை இலகுவில் கழறாது. அதற்கென்றே மெக்காபி, நோர்ட்டன் போன்ற நிறுவனங்கள் தனி அகற்றும் கருவியை இலவசமாகத் தருகின்றன. அதை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் சுத்தம் செய்யும் என்று வரும் 'கிளீனர்'களில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2017 ஆகஸ்டில் வெளியான சீகிளீனர் பதிப்பொன்றுக்குள் திருடர்கள் தங்கள் சரக்கை நுழைத்து, அது நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே 20 இலட்சத்துக்கும் அதிகமான கணனிகளுக்குப் போனது. துடைக்க எடுத்த துணியிலேயே அழுக்கு. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் இத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்டும் சொல்கிறது.

முறையாகக் கழற்றினாலும் எச்சம் நிற்பதுண்டு. லெனோவோ தனது சில மடிக்கணனிகளோடு சேர்த்து விற்ற சூப்பர்பிஷ் என்ற விளம்பர மென்பொருள் 2015 பெப்ரவரியில் அம்பலமானது. அதைக் கழற்றிய பின்னும் அது விட்டுச்சென்ற பாதுகாப்புச் சான்றிதழ் உள்ளேயே கிடந்தது. வங்கித் தளத்துக்குப் போகும் தகவலைக் கூட அதைக் கொண்டு இடையில் புகுந்து பார்க்க வழியிருந்தது. லெனோவோ பிறகு தனியே ஒரு நீக்கும் கருவி வெளியிட வேண்டி வந்தது. பழைய மடிக்கணனியை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் இதைக் கேட்டறிய வேண்டும்.

எல்லாம் செய்த பின்னும் விண்டோஸே பழையதாக இருந்தால் ஒரு வரம்பு உண்டு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. அப்படியான கணனியில் கணக்கு எழுதுங்கள், வங்கி வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். நான் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டேன். பிள்ளைகளுக்குத்தான் கோபம்.

இன்னுமொன்று. தவறி ஏதும் அழிந்தது தெரிந்தால் அந்தக் கணமே கணனியை நிறுத்துங்கள். அழிந்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை; அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வாய்ப்புண்டு. நாங்கள் அறியாமல் இரண்டு கிழமை ஓடவிட்டோம், பிள்ளைகள் படங்களும் இறக்கினார்கள். தெரிந்தவரிடம் கொண்டு போன போது அவர் தலையை அசைத்துவிட்டார்.

இதே காரணத்தால்தான் பழைய கணனியை விற்கும் போது கோப்புகளை வெறுமனே அழித்தால் போதாது. அதனை இன்ஷா அல்லாஹ் இன்னொரு வாரத்தில் எழுதுகிறேன்.