கால் கட்டண நேரம்

இரவு பத்தரை மணி ஆனதும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தின் முன்னால் வரிசை நீளத் தொடங்கும். பதினொன்று அடித்தால் கால் கட்டணம். பகலில் நான்கு ரூபாய்க்குப் பேசுவதை அப்போது ஒரு ரூபாய்க்குப் பேசிவிடலாம். மகனை மும்பைக்கு வேலைக்கு அனுப்பிய அம்மாக்கள், கல்யாணத் தேதியைச் சொல்லக் காத்திருக்கும் பெரியவர்கள் என எல்லோரும் தூக்கத்தை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். கண்ணாடிக் கதவுக்குள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். வரிசையில் நிற்பவர்களின் கண்ணும் அதன் மேலேயே இருக்கும்.

பூத்துக்காரருக்குப் போலியோவில் ஒரு கால் சூம்பியிருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு பூத் ஒதுக்குவதில் முன்னுரிமை தந்த காலம் அது. எண் சுழற்றத் தெரியாத பாட்டிகளுக்கு அவரே போட்டுக் கொடுப்பார். "ஆத்தா, மீட்டர் ஓடுது. சௌக்கியத்த அப்புறம் விசாரி, விஷயத்த முதல்ல சொல்லு" என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பார்.

இரவில் ஏன் மலிவு என்று அன்று எனக்குப் புரியவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்த சித்தப்பாதான் சொன்னார்: "பகல்ல லைன் கிடைக்காது, ராத்திரி லைன் சும்மா கிடக்கும். போட்ட கம்பிக்குப் போட்ட காசு போட்டதுதான். சும்மா கிடக்கிறத கால் விலைக்கு வித்தாலும் லாபம்தானே?"

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கணக்கை ஜப்பானில் ஒரு தொலைபேசி நிறுவனம் போடுகிறது. சாஃப்ட்பேங்க் 2024 நவம்பரில் 'ஐட்ராஸ்' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. மொபைல் டவர்களின் சிக்னலைக் கையாளும் அதே கம்ப்யூட்டரில், கூட்டம் குறைந்த நேரத்தில் செயற்கை நுண்ணறிவு வேலைகளையும் ஓட்டி, அந்த நேரத்தை வாடகைக்கு விடுவது திட்டம். மொபைல் நெட்வொர்க்குகளைக் கூட்ட நெரிசலுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குக் கட்டியிருப்பதால், சராசரியாக மூன்றில் ஒரு பங்கு திறன்தான் பயன்படுகிறது என்கிறது இதற்குச் சிப் தரும் என்விடியா. இந்த வகைக் கட்டமைப்பில் ஒரு டாலர் போட்டால் ஐந்து டாலர் வரை வருமானம் பார்க்கலாம் என்றும் இரு நிறுவனங்களும் மதிப்பிட்டிருக்கின்றன. சிப் விற்பவரும் உட்கார்ந்து போட்ட கணக்கு என்பதால் அதில் பாதியைத் தள்ளிவிட்டே பார்க்கலாம். ஆனாலும் யோசனை சித்தப்பாவுடையதுதான்.

அமிலம் மணக்கும் அறை

சென்னையில் முதல் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் 1882-இல் திறக்கப்பட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அதே நேரத்தில். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலின் அடிப்படை மாறவே இல்லை: அரிதான ஒரு கம்பியை நிமிடக் கணக்கில் வாடகைக்கு விடுவது. வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் செய்தால் 'ஆர்டினரி', 'அர்ஜென்ட்', 'லைட்னிங்' என்று மூன்று விலை. காசு கூடக் கொடுத்தவருக்கு லைன் முதலில்.

சிறுவனாக ஒருமுறை சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது எக்ஸ்சேஞ்சுக்குள் போனேன். கூடம் முழுக்க ஆளுயர ரேக்குகள். யாரோ எங்கோ டயலைச் சுழற்ற, அதற்கேற்ப உள்ளே சின்னக் கைகள் படிப்படியாக ஏறித் திரும்பும். தறிக்கூடத்துக்குள் நுழைந்ததுபோல் சத்தம். அதற்குப் பக்கத்தில் பேட்டரி அறை. கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. மொத்தம் 24 செல், செல்லுக்கு 2 வோல்ட், சேர்த்தால் 48 வோல்ட். அமில நெடி மூக்கில் ஏறியது. ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் மட்டும் வேலை செய்ததன் ரகசியம் அந்த அறையில் இருந்தது. பேட்டரி போனால் டீசல் ஜெனரேட்டர். எந்த நேரமும் ஒரு ஆள் விழித்திருப்பார்.

பிறகு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்தது. 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனத்தின் சின்ன எக்ஸ்சேஞ்சுகள் கிராமங்களுக்குப் போயின. கூடம் நிறைய இருந்தது ஓர் அலமாரிக்குள் அடங்கியது. காலியான கூடங்களைப் பி.எஸ்.என்.எல். இன்று வாடகைக்கு விடுகிறது.

மீட்டர் நின்ற கதை

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசிய பேச்சுதான் நாட்டின் முதல் மொபைல் அழைப்பு. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம். நம்மை யாராவது கூப்பிட்டாலும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 15-இல், அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதற்கும் மணிக்கணக்குதான்.

அந்த மீட்டர் மெல்ல மெல்லத் தன் பல்லை இழந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சை இலவசமாக்கியபோது அது நின்றே போனது. 2014-இல் ஒரு ஜி.பி. டேட்டாவுக்குச் சராசரியாக 269 ரூபாய் என்று அரசின் கணக்கு சொல்கிறது. இன்று அது 10 ரூபாய் அளவில் நிற்கிறது. மக்களுக்கு இது பெரிய வரம். நிறுவனங்களின் நிலைமை வேறு. டவர் போடுவதும் அலைக்கற்றை ஏலம் எடுப்பதும் அவர்கள் செலவு. அந்தக் குழாய் வழியாக ஓடும் வீடியோவிலும் விளம்பரத்திலும் சம்பாதிப்பவர்கள் வேறு ஆட்கள்.

கிளவுட் வியாபாரம் வந்தபோது ஒரு வாய்ப்பு இருக்கவே செய்தது. 2006-இல் அமேசான் கம்ப்யூட்டர் திறனை மணிக்கணக்கில் விற்கத் தொடங்கியது. 'மணிக்கணக்கில் விற்பது எங்கள் குலத்தொழில் ஆயிற்றே' என்று தொலைபேசி நிறுவனங்களும் இறங்கின. அமெரிக்காவின் வெரைசன் 2011-இல் 140 கோடி டாலர் கொடுத்து டெரிமார்க் என்ற நிறுவனத்தை வாங்கியது. எடுபடவில்லை. கட்டடமும் கேபிளும் அவர்களிடம் இருந்தன. மென்பொருள் எழுதுகிறவர் ராத்திரி இரண்டு மணிக்குத் தானே உள்ளே நுழைந்து, கிரெடிட் கார்டைத் தட்டி, ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கும் வசதியைத் தரும் பழக்கம் இல்லை. விண்ணப்பம் கொடுத்து, டிமாண்ட் நோட் வாங்கி, லைன்மேன் வரும்வரை காத்திருக்க வைத்துப் பழகியவர்கள் அவர்கள். 2016 டிசம்பரில் தன் டேட்டா சென்டர்களை 360 கோடி டாலருக்கு ஈக்வினிக்ஸ் நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டது வெரைசன்.

அதே ஆண்டு நம் ஊரிலும் ஒரு விற்பனை நடந்தது. வி.எஸ்.என்.எல். தனியார் கைக்குப் போய், 2008-இல் டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று பெயர் மாறியிருந்தது. 2016-இல் அந்த நிறுவனம் தன் இந்திய டேட்டா சென்டர் தொழிலில் 74 சதவீதத்தைச் சிங்கப்பூரின் எஸ்.டி. டெலிமீடியாவுக்குக் கொடுத்தது.

மறுபடி மணிக்கணக்கு

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. செயற்கை நுண்ணறிவை உருவாக்க ஜி.பி.யூ. என்ற சிப் வேண்டும். கேட்டவருக்கெல்லாம் அது கிடைக்கவில்லை. பழைய தொலைபேசி இணைப்புக்கு இருந்த காத்திருப்புப் பட்டியல் அதற்கும் வந்தது. அரிதான பொருள், மணிக்கணக்கில் வாடகை, அவசரத்துக்கு ஒரு விலை, ஆற அமர வந்தால் ஒரு விலை. இன்றைய கிளவுட் நிறுவனங்களின் விலைப்பட்டியலில் 'ஸ்பாட்' என்று ஒரு வகை உண்டு. மலிவு, ஆனால் கூடுதல் காசு கொடுப்பவர் வந்தால் பாதியில் வேலை துண்டிக்கப்படும். ஆர்டினரி ட்ரங்க் கால் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தொலைபேசி நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. டேட்டா சென்டரை விற்ற அதே டாடா கம்யூனிகேஷன்ஸ், 2024-இல் என்விடியாவின் ஹாப்பர் வகைச் சிப்களைப் பெருமளவில் நிறுவத் தொடங்கி, செயற்கை நுண்ணறிவு கிளவுட் விற்கிறது. தென்கொரியாவின் எஸ்.கே. டெலிகாம் 2024 டிசம்பர் கடைசியில் சியோலின் கசான் பகுதியில் ஜி.பி.யூ. வாடகைக் கடை திறந்தது. டாய்ச்சே டெலிகாம், மியூனிக்கில் 10,000 ஜி.பி.யூ. வரை கொண்ட, 100 கோடி யூரோ மதிப்பிலான 'தொழில்துறை கிளவுட்' திட்டத்தை 2025-இல் அறிவித்தது. ஜெர்மன் தொழிற்சாலைகளின் தகவல் ஜெர்மனிக்குள்ளேயே இருக்கும் என்பது அதன் விற்பனைப் பேச்சு.

இந்தப் பேச்சில்தான் இவர்களின் உண்மையான பலம் இருக்கிறது. மருத்துவமனைப் பதிவுகளும் வங்கிக் கணக்குகளும் நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது என்று அரசுகள் கவலைப்படும்போது, உரிமம் பெற்று, அரசின் கண்ணெதிரே தொழில் நடத்தும் உள்ளூர் நிறுவனம் நம்பகமான இடமாகிறது. கேபிள், மின்சார இணைப்பு, ஜெனரேட்டர், இருபத்துநான்கு மணி நேர ஆள் என எல்லாமும் கையில் இருக்கிறது. கோடிக்கணக்கான பேருக்கு மாதாமாதம் பில் போடும் பழக்கமும் இருக்கிறது.

சென்னையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 2002-இல் ஏர்டெல்லின் பாரதி நிறுவனமும் சிங்கப்பூரின் சிங்டெல்லும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கேபிள் போட்டன. 2004-இல் டாடாவின் கேபிள் வந்தது. 2024 கடைசியில் 'சீ-மீ-வீ 6' கேபிளை ஏர்டெல் சென்னைக் கரையில் ஏற்றியது. கேபிள் ஏறும் ஊருக்கு டேட்டா சென்டர்கள் பின்னாலேயே வரும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் லேத் பட்டறைகளின் சத்தம் கேட்ட வட்டாரத்தில், ஜியோ ஒரு பங்காளியாக உள்ள 'டிஜிட்டல் கனெக்ஷன்' வளாகம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிறுசேரியில் ஏர்டெல்லின் நெக்ஸ்ட்ரா டேட்டா சென்டர் இருக்கிறது.

கண்ணாடித் தொட்டியும் தண்ணீர்க் குழாயும்

இந்தக் கட்டடங்களை எக்ஸ்சேஞ்சின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் தாத்தா வீட்டில் பேரனைக் குடிவைக்க முடியாது. என்விடியாவின் ஹெச்100 என்ற ஜி.பி.யூ. சிப்கள் எட்டு கொண்ட ஒரே பெட்டி 10 கிலோவாட் வரை மின்சாரம் இழுக்கும். ஏழெட்டு வீட்டு ஏ.சி.களை ஒரு பீரோவுக்குள் ஓட்டுவதுபோல. அதற்கடுத்து வந்த, 72 சிப்களை ஒன்றாகக் கோத்த ரேக்குக்கு ஏறத்தாழ 120 கிலோவாட். காற்றடித்துக் குளிரூட்டினால் போதாது, சிப்பின் மேலேயே குழாயில் குளிர்ந்த திரவம் ஓட வேண்டும். ஊர் நடுவிலுள்ள பழைய எக்ஸ்சேஞ்ச் கூடத்தில் இதை வைத்தால் தரையும் தாங்காது, ட்ரான்ஸ்ஃபார்மரும் தாங்காது. அங்கே வைக்கக்கூடியது சின்னப் பெட்டிகள்தான். குரலைக் கேட்டு உடனே பதில் சொல்லும் வேலைக்கு, மக்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி இருப்பது நல்லதுதான். பேச்சில் அரை நொடி தாமதம் என்றாலும் காது கண்டுபிடித்துவிடும்.

பணக் கணக்கு இன்னும் கடினம். சித்தப்பாவின் செம்புக் கம்பி ஒருமுறை பூமியில் புதைத்தால் முப்பது, நாற்பது ஆண்டு உழைக்கும். ஜி.பி.யூ. வாங்கி நான்கைந்து ஆண்டுக்குள் அதைவிடப் பல மடங்கு வேகமானது வந்துவிடுகிறது. 2023-இல் மணிக்கு எட்டு டாலர் வரை போன ஹெச்100 வாடகை, 2024 கடைசிக்குள் பல இடங்களில் இரண்டு, மூன்று டாலருக்கு இறங்கியது. இந்தியாவில் அரசே விலையை இறக்கியிருக்கிறது. 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற, சுமார் 10,372 கோடி ரூபாய் மதிப்பிலான இந்தியா ஏஐ திட்டத்தில், மானியம் போக மணிக்கு 100 ரூபாய்க்கும் குறைவாக ஜி.பி.யூ. கிடைக்கும். இதற்குச் சிப் தர 2025 ஜனவரியில் தேர்வான பத்து நிறுவனங்களில் ஜியோவும் டாடா கம்யூனிகேஷன்ஸும் உண்டு. ஆனால் அதிகச் சிப்களைத் தர முன்வந்தது யோட்டா. அது போன் நிறுவனமே அல்ல.

வெறும் ஜி.பி.யூ. நேரத்தை விற்றால், ஜி.பி. விற்ற கதையே திரும்பும். அதன் அறிகுறிகள் தெரிகின்றன. 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் செயற்கை நுண்ணறிவு மையம் அறிவித்தது கூகுள். அதில் ஏர்டெல்லின் பங்கு முக்கியமாகக் கேபிளும் டேட்டா சென்டரும். அதே ஆண்டு ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்ற செயற்கை நுண்ணறிவுச் சேவையையும், ஜியோ கூகுளின் ஜெமினியையும் இலவசமாகக் கொடுத்தன. சரக்கு வேறொருவருடையது, வீட்டு வாசல் மட்டும் இவர்களுடையது.

பூத்துக்காரர் விற்றது

யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊர் பூத்தில் நிமிடத்தை விற்றது தொலைபேசித் துறை. பூத்துக்காரர் விற்றது வேறு. எண் தெரியாதவருக்கு எண் போட்டுக் கொடுத்தார். ஊருக்கு வெளியே இருந்து வரும் அழைப்பைக் குறித்து வைத்து, "உங்க பையன் பேசினான், மறுபடி பத்து மணிக்குக் கூப்பிடுறானாம்" என்று சைக்கிளில் ஆள் அனுப்பினார். சில்லறை இல்லாதவருக்கு நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டார். பக்கத்திலேயே இன்னொரு பூத் வந்தபோதும் கூட்டம் இவரிடமே நின்றது.

திருப்பூரில் இருபது தையல் மெஷின் வைத்திருப்பவருக்கு ஹெச்100 என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டர் மெயிலைத் தமிழில் சுருக்கிச் சொல்ல வேண்டும், துணியில் விழும் கறையைக் கேமரா கண்டுபிடிக்க வேண்டும், கோளாறு வந்தால் போனை எடுக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்கு ஏற்கெனவே மாதாமாதம் பில் அனுப்பிக்கொண்டிருப்பது ஒரு போன் நிறுவனம்தான். அந்தப் பில்லில் இன்னொரு வரி சேர்ப்பது சிரமமில்லை. அந்த வரிக்குப் பின்னால் மெயிலைப் படித்துச் சொல்லும், கறையைக் காட்டும், போனை எடுக்கும் ஓர் ஏற்பாடு நிற்க வேண்டும்.

சித்தப்பா ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. சாஃப்ட்பேங்க் கதையை அவரிடம் சொன்னேன். "ராத்திரி சும்மா கிடக்கிறத விக்கிறது சரிதான்டா" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த டவர்ல ராத்திரி யாரு முழிச்சிருப்பா?" என்று கேட்டார்.