பகடைக்கு முன்னால் ஓர் ஊர் வேண்டும்

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சையும் பகடையையும் மட்டும் வைத்து ஒரு கதையை நடத்திக்கொண்டு போவதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். ஒருவர் நடத்துநர், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "விண்கப்பலோட ஏர்லாக் கதவு ஜாம் ஆயிடுச்சு. உள்ள இருபது நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்கு. என்ன பண்ணப் போறீங்க?" என்று நடத்துநர் கேட்பார். கம்பியால் நெம்பிப் பார்க்கிறேன் என்பார் ஒருவர். காவலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்பார் இன்னொருவர். பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதற்கெல்லாம் முன்னோடி. அது மந்திரவாதிகளின் உலகம். விண்வெளிக் கதைக்கு வழி காட்டியது 1977-ல் மார்க் மில்லர் உருவாக்கிய டிராவலர். அதற்கு விசேஷப் பகடை எதுவும் வேண்டாம். லூடோவுக்கு உருட்டுகிறோமே, அந்த ஆறுமுகப் பகடை இரண்டு போதும். இரண்டையும் கூட்டி எட்டோ அதற்கு மேலோ வந்தால் காரியம் ஜெயம். 36 சேர்க்கைகளில் 15 மட்டுமே அப்படி விழும். பாதிக்கும் குறைவான வாய்ப்பு என்பதால் பகடையைக் கையில் எடுக்கும்முன் ஆடுபவர் நன்றாக யோசிக்கிறார். பாத்திரத்தின் தொழில்திறமைக்குக் கிடைக்கும் ஓரிரு கூடுதல் புள்ளிகள் அப்போது பெரிய துணை.

ஆடத் தொடங்கும் முன்பு நடத்துநர் ஓர் உலகத்தைக் கட்டியாக வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். பத்தாயிரம் வருட விண்வெளிப் பேரரசு வரலாறு, இருபது வேற்றுக்கிரக இனங்கள், நட்சத்திர வரைபடம் என்று நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடும். ஆடுபவருக்குத் தேவை அதுவல்ல. இங்கே எதற்குத் தட்டுப்பாடு? அது யார் கையில் இருக்கிறது? நான் பணம் கட்டாவிட்டால் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் ஆட்டம் தானாக நகரும்.

டிராவலர் இதை அழகாகச் செய்தது. அதில் உங்களுக்குச் சொந்தக் கப்பல் கிடைக்கலாம், ஆனால் கடனில். கப்பல் விலையில் 240-ல் ஒரு பங்கை மாதாமாதம் கட்ட வேண்டும். 480 மாதம், அதாவது நாற்பது வருடம். முடிவில் விலையைப் போல இரண்டு மடங்கு கட்டியிருப்பீர்கள். ஈ.எம்.ஐ. கட்டும் எவருக்கும் அந்தக் கப்பல் கேப்டனின் மனசு உடனே புரியும். தவணை நாள் நெருங்கும்போது வில்லங்கமான சரக்கை ஏற்றலாமா என்ற கேள்வி வரும். கதை அங்கேதான் பிறக்கிறது. இன்னொரு விதி: ஒளியைவிட வேகமாகச் செல்லும் ரேடியோ கிடையாது. கப்பல் பாய்ந்து போக ஒரு வாரம் என்றால், செய்தி போகவும் அதே ஒரு வாரம்.

இதேபோல் ஓர் உலகத்தைக் கட்ட, இப்போது சென்னையின் மண்ணூர்பேட்டைக்கு வருவோம். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையை (எஸ்டேட்) ஒட்டிய ஊர் இது. பக்கத்துப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா போன்ற பெரிய கம்பெனிகள். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் எஸ்டேட் தெருக்களில் ஏராளம். லேத், மில்லிங், பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று ஆளுக்கொரு வேலை, எல்லாம் ஜாப் ஒர்க். இந்த அமைப்பை அப்படியே தூக்கி விண்கற்களின் நடுவே வையுங்கள். நடுவில் ஒரு பெரிய கப்பல் கட்டும் தளம். அதைச் சுற்றிச் சிறு விண்கற்களில் பட்டறைகள். ஆடுபவர்கள் ஒரு பட்டறையின் ஐந்து பேர். அவர்களிடம் கடனில் வாங்கிய, குட்டி யானை வேன் அளவில் ஒரு சரக்கு ஓடம்.

டிராவலரின் 'ஒரு வாரம்' விதியை இங்கே போட்டுப் பாருங்கள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நம் விண்கல் எஸ்டேட்டிலும் அந்தச் சட்டம் இருக்கட்டும். ஆனால் புகார் கொடுக்கும் இடம் ஆறு வாரப் பயணத்தில் இருக்கிறது. போன் போட்டுக் கேட்க முடியாது. பாக்கியை வசூலிக்க யாராவது நேரில் போயாக வேண்டும். டெலிவரி சலானில் இருக்கும் ஒரு கையெழுத்துக்காக ஆட்கள் அடித்துக்கொள்வார்கள்.

முதல் ஆட்டத்துக்கு இதுவே போதும்: ஏர்லாக்குக்காகச் செய்த இருநூறு புஷ், பத்து மைக்ரான் கூடிவிட்டதால் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வருகிறது. அந்த வாரமே ஒரு கப்பல்காரர் வந்து, "ரிஜெக்ட் பீஸா இருந்தாலும் பரவால்லண்ணே, முழு விலை தர்றேன்" என்கிறார். கொடுத்தால் தவணை கட்டலாம். அந்தக் கப்பலில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

தட்டுப்பாட்டுக்கும் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மண்ணூர்பேட்டைக்கு அது பக்கத்து ஸ்டேஷன் மாதிரிதான். தண்ணீர் ரயிலுக்குப் பதிலாகப் பனிக்கட்டிக் கப்பல் என்று வைத்துக்கொண்டால் உலகத்தின் முதுகெலும்பு தயார். கப்பல் இரண்டு நாள் தாமதமானால் டீ என்ன விலை, யார் குடத்தோடு முன்னால் நிற்கிறார், யாருக்கு வரிசையே கிடையாது என்று எழுதி வையுங்கள். பேரரசின் வரலாற்றைவிட அந்த டீ விலைதான் ஆடுபவர் மனதில் நிற்கும்.

எழுத்தாளர் சுஜாதா இதை நன்றாக அறிந்திருந்தார். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' 2020-களில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. அதில் ஜீவா ஆளும் நாட்டில் பெயர்கள் இரண்டே எழுத்து. குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். நிலா, சிபி என்று பெயரைக் கேட்டதுமே ஆட்சியின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று தெரிந்துவிடுகிறது. தனியாக விளக்கம் தேவைப்படவில்லை. உங்கள் உலகத்துக்கும் அப்படி ஒரு விதி வேண்டும்: ஆடுபவர் வாய் திறக்கும்போதெல்லாம் அவர்மீது படுகிற விதி. ஒன்று போதும். ஐந்து வைத்தால் ஒன்றும் நினைவில் நிற்காது.

மீதியைக் காலியாக விடுங்கள். "பிளேட்டிங் கடைக்காரர் யாரு?" என்று ஒருவர் கேட்டால், "உனக்குத் தெரிஞ்சவர்தான், நீயே சொல்லு" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்த மனிதர் கடன் கேட்டு வரட்டும். வரும் ஞாயிறு நாலு பேரைக் கூப்பிட்டு, இரண்டு பகடையோடு இந்த இருநூறு புஷ்ஷிலிருந்தே ஆரம்பித்துப் பாருங்கள்.